முன்பாரம், பின்பாரம்: எம்எக்ஸ்-5 ஓட்டிவிட்டு 911க்கு மாறுபவர்களுக்கு

ஆறு வருடம் மாஸ்டா எம்எக்ஸ்-5 ஓட்டிவிட்டுப் போர்ஷே 911க்கு வந்தவன் நான். இரண்டுமே ஸ்போர்ட்ஸ் கார்கள். இரண்டிலும் இன்ஜின் சுழற்றுவது பின்சக்கரங்களைத்தான், இரண்டிலும் கையால் போடும் ஆறு கியர். ஒரு வாரத்தில் பழகிவிடும் என்று நினைத்தேன். மூன்று மாதம் பிடித்தது. புது வண்டியைக் கற்றுக்கொள்வது சுலபமாகத்தான் இருந்தது. பழைய வண்டி என் கைகாலில் ஏற்றி வைத்திருந்த பழக்கத்தை இறக்கி வைப்பதற்குத்தான் அத்தனை நாள் ஆனது. உங்களுக்கு அது கொஞ்சம் சீக்கிரம் நடக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

நான் இருப்பது ஜெர்மனியின் தென்மேற்கில். பாடன்-பாடனிலிருந்து ஃப்ராய்டன்ஷ்டாட் வரை கருங்காட்டு மலைமேல் சுமார் 60 கிலோமீட்டர் போகும் பி500 சாலை எனக்கு ஒரு மணி நேரத் தொலைவு. கீழே சொல்வதில் பாதி அந்த மலைச்சாலைகளில் கற்றது. மீதி, தண்ணீர் விட்டு நனைத்த ஒரு பயிற்சித் தளத்தில்.

பாரம் எங்கே இருக்கிறது

மாட்டுவண்டிக்கு மூட்டை ஏற்றியவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. முன்பாரம் கூடினால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்பாரம் கூடினால் நுகத்தடி மேலே தூக்கிக்கொள்ளும். வண்டிக்காரர் மூட்டையை ஒரு முழம் முன்னே பின்னே தள்ளிப் பார்த்து, சரியாக வந்த பிறகுதான் கிளம்புவார். காரில் அந்த மூட்டையை நகர்த்துவது உங்கள் கால். பிரேக்கை மிதித்தால் பாரம் முன்சக்கரங்களுக்குப் போகும். ஆக்சிலரேட்டரை மிதித்தால் பின்னால் வரும். வளைவில் திரும்பினால் வெளிப்பக்கச் சக்கரங்களுக்குப் போகும். எந்தச் சக்கரத்தின்மேல் பாரம் ஏறுகிறதோ அதன் பிடி கூடும், எதிலிருந்து இறங்குகிறதோ அதன் பிடி குறையும். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

2015இல் வந்த நான்காம் தலைமுறை எம்எக்ஸ்-5இல் இன்ஜின் முன்பக்கம், ஆனால் முன் அச்சுக்குப் பின்னால் தள்ளி உட்கார்ந்திருக்கும். பாரம் முன்னும் பின்னும் கிட்டத்தட்ட சரிபாதி. மொத்த எடையே 1,000 கிலோவை ஒட்டித்தான். நான்கு சக்கரத்துக்கும் ஒரே அகல டயர், என் வண்டியில் 205 மில்லிமீட்டர். குதிரையும் ஏறியவனும் ஓருடல் ஆவதைச் சொல்லும் ‘ஜின்பா இத்தாய்’ என்ற ஜப்பானியச் சொல்லை மாஸ்டா இந்த வண்டிக்கு வைத்திருக்கிறது. ஓட்டியவர்களுக்கு அது விளம்பர வாசகமாகத் தோன்றாது.

என் 911, 997 எனப்படும் தலைமுறை. 3.6 லிட்டர், ஆறு சிலிண்டர், 325 குதிரைத்திறன், 1,395 கிலோ. இன்ஜின் பின் அச்சுக்கும் பின்னால் தொங்குகிறது. அதனால் மொத்தப் பாரத்தில் பத்தில் ஆறு பங்குக்கும் மேல் பின்னால், நாலு பங்குக்கும் குறைவாக முன்னால். டயரே அதைக் காட்டிக்கொடுக்கும்: முன்னால் 235, பின்னால் 265.

இந்தப் பின்பாரத்தோடு போர்ஷே 1963இலிருந்து மல்லுக்கட்டி வருகிறது. ஆரம்ப கால 911 சிலவற்றில் முன் பம்பரின் இரு முனையிலும் வார்ப்பிரும்புக் கட்டிகளை வைத்துத்தான் முன்பக்கத்தை அழுத்தினார்கள். 1969 மாடலில் பின்சக்கரங்களைப் பின்னால் தள்ளி, இரு அச்சுகளுக்கு இடையிலான தூரத்தை 57 மில்லிமீட்டர் நீட்டினார்கள். ஒரு பெரிய பேட்டரிக்குப் பதில் இரண்டு சிறியவற்றை முன்பக்கம் வைத்தார்கள். 1993இல் வந்த 993 தலைமுறையில் பின் சஸ்பென்ஷனையே புதிதாக வடிவமைத்தார்கள். இன்றைய 911 அந்தக் காலத்து முரட்டுக் குதிரை இல்லை. ஆனாலும் இன்ஜின் இருக்குமிடம் மாறவில்லை, அதனால் குணத்தின் வேரும் மாறவில்லை.

சரி, இனி வரிசையாகப் போவோம்.

படி 1: ஓட்டும் முன் டயரைப் படியுங்கள்

நான் செய்த முதல் தவறு இங்கேதான். வண்டியை விற்றவர் ‘டயரெல்லாம் புதுசு மாதிரி’ என்றார். குனிந்து பார்த்தேன், பள்ளம் நிறைய இருந்தது, நம்பிவிட்டேன். முதல் மழையில் பின்பக்கம் சோப்புக்கட்டிமேல் நிற்பதுபோல் இருந்தது. இது 911இன் குணம், நான்தான் பழக வேண்டும் என்று இரண்டு வாரம் பயந்து பயந்து ஓட்டினேன். ஒரு நாள் பின்டயரின் உள்பக்கத்தைத் துடைத்து, கைவிளக்கு அடித்துப் பார்த்தால், டி.ஓ.டி. என்ற எழுத்துகளை அடுத்து வரும் எண்வரிசையின் கடைசி நான்கு இலக்கம் 3211. 2011ஆம் ஆண்டின் 32ஆம் வாரம் செய்த டயர். பள்ளம் இருந்ததே தவிர ரப்பர் காய்ந்து கல்லாகியிருந்தது. நகத்தால் அழுத்தினால் தடமே விழவில்லை. பின்னால் இரண்டையும் மாற்றிய அன்று வேறு வண்டியில் ஏறியதுபோல் இருந்தது.

ஆகவே புது வண்டியின் குணத்தை எடைபோடும் முன் நான்கு டயரின் வயதையும் பாருங்கள். முன்னால் ஒரு நிறுவனம், பின்னால் வேறு நிறுவனம் என்று கலந்திருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். போர்ஷே தன் வண்டிகளுக்கென ஒப்புதல் அளித்த டயர்களில் என் என்ற எழுத்தும் பக்கத்தில் ஓர் எண்ணும் இருக்கும். புது டயர் போட்டால் முதல் சில நூறு கிலோமீட்டர் அடக்கி ஓட்டுங்கள், மேல்பூச்சு தேய்ந்தபின்தான் முழுப்பிடி வரும்.

காற்றழுத்தமும் முக்கியம். எம்எக்ஸ்-5இல் நான்கிலும் ஒரே அளவு காற்றடித்துப் பழகிய கை, 911இலும் அதையே செய்யும். இதில் பின்டயருக்கு முன்டயரைவிட அதிகம் வேண்டும். எவ்வளவு என்பது டயர் அளவைப் பொறுத்தது. வண்டியில் ஒட்டியிருக்கும் அட்டவணையைப் பாருங்கள், டயர் குளிர்ந்திருக்கும்போது அளந்து பாருங்கள்.

படி 2: உட்காரும் இடம்

எம்எக்ஸ்-5இல் நீங்கள் உட்காருவது கிட்டத்தட்ட பின் அச்சுக்கு முன்னால். எதிரே நீளமான பானெட். ஸ்டீயரிங்கைத் திருப்பினால் வண்டியின் முன்பகுதி உங்களுக்கு முன்னால் எங்கோ திரும்பும், இடுப்புக்குக் கீழே பின்சக்கரங்கள் என்ன செய்கின்றன என்பது நேரடியாகத் தெரியும். பின்டயர் ஓர் அங்குலம் நழுவினாலும் முதலில் தெரிந்துகொள்வது உங்கள் இடுப்புதான்.

911இல் நீங்கள் முன்னால் தள்ளி உட்கார்ந்திருக்கிறீர்கள். பானெட் கீழே சரிந்து மறைந்துவிடும், இரண்டு பக்கமும் மட்கார்டு மட்டும் மேடாகத் தெரியும். அந்த மேடுகளுக்கு நேர் கீழே முன்சக்கரங்கள். சாலையோர வெள்ளைக்கோட்டில் சக்கரத்தை எங்கே வைக்கிறோம் என்பதை இவ்வளவு துல்லியமாகக் காட்டும் வண்டிகள் குறைவு. ஆனால் பின்னால் நடப்பது கொஞ்சம் தள்ளி நடக்கிறது. இன்ஜினின் எடையை முதுகுக்குப் பின்னால் உணர்வீர்கள், அது நீங்கள் திரும்பிய பிறகு ஒரு மூச்சு கழித்துப் பின்தொடரும். இந்த ஒரு மூச்சு இடைவெளியை எதிர்பார்க்கப் பழகுவதுதான் முதல் மாத வேலை.

அதனால் இருக்கையைச் சரிசெய்வதில் சோம்பல் வேண்டாம். கிளட்சை முழுதாக அழுத்தியபோதும் முழங்கால் லேசாக மடங்கியிருக்க வேண்டும். முதுகை ஒட்டி உட்கார்ந்து கையை நீட்டினால் மணிக்கட்டு ஸ்டீயரிங்கின் உச்சியைத் தொட வேண்டும். பழைய வண்டியில் எப்படி உட்கார்ந்தீர்களோ அப்படியே உட்கார நினைக்காதீர்கள். ஒரு வாரம் கழித்து மறுபடி சரிசெய்யுங்கள்.

படி 3: பிரேக், கிளட்ச், இன்ஜின் சூடு

முதல் நாள் போக்குவரத்து இல்லாத ஒரு தெருவைத் தேடிப் பிடியுங்கள். 50 கி.மீ. வேகத்திலிருந்து பத்துத் தடவை நிறுத்துங்கள். வண்டி நிற்கும் கடைசிக் கணத்தில் தலை முன்னால் ஆடக்கூடாது, அதுதான் பயிற்சி. எம்எக்ஸ்-5 பெடல் மெதுவாகக் கீழே இறங்கும், கால் எவ்வளவு தூரம் போனதோ அந்த அளவுக்குப் பிரேக் பிடிக்கும். 911 பெடல் கல்லுமாதிரி நிற்கும். தூரத்தை அளக்காதீர்கள், அழுத்தத்தை அளந்து பழகுங்கள். நான்கு சக்கரத்திலும் பிரேக் வட்டைக் கவ்விப் பிடிக்கும் நான்கு பிஸ்டன் காலிப்பர்கள். பாரம் ஏற்கெனவே பின்னால் இருப்பதால், பிரேக் பிடிக்கும்போது அதில் ஒரு பகுதி முன்னால் வந்து நான்கு டயரும் வேலையைப் பங்கிட்டுக்கொள்ளும். முன்பாரமுள்ள வண்டியில் முன்டயர்கள் மட்டும் திணறிக்கொண்டிருக்க, பின்டயர்கள் பாதி சும்மா வரும். 911 அவ்வளவு நம்பிக்கையாக நிற்பதற்கு இதுதான் காரணம்.

கிளட்ச் கனமானது, பிடிக்கும் இடம் வேறு. இரண்டு நாள் நெரிசலில் ஓட்டினால் பழகிவிடும்.

இன்ஜின் சூட்டைப் பற்றி ஒரு வார்த்தை. இந்த இன்ஜினில் சுமார் 8 லிட்டர் எண்ணெய். எம்எக்ஸ்-5இல் ஏறத்தாழ அதில் பாதிதான். தண்ணீர் முள் நடுவுக்கு வந்தாலும் எண்ணெய் இன்னும் குளிராகவே இருக்கும். அதற்கெனத் தனி முள் இருக்கிறது, அதைப் பாருங்கள். நான் எண்ணெய் 80 டிகிரியைத் தொடும்வரை நிமிடத்துக்கு 4,000 சுற்றைத் தாண்டுவதில்லை. குளிர்காலத்தில் அதற்குக் கால் மணி நேரத்துக்கு மேல் ஆகிறது.

படி 4: கியர் நீளத்தை மறுபடி மனப்பாடம் செய்யுங்கள்

என் எம்எக்ஸ்-5இல் இரண்டாம் கியரில் இன்ஜின் தன் உச்சச் சுழற்சி வரம்பான சிவப்புக்கோட்டைத் தொடும்போது வேகம் சுமார் 90 கி.மீ. 911இல் அதே இரண்டாம் கியர் 115 வரை போகும், மூன்றாவது 160ஐத் தாண்டும். ஜெர்மனியில் ஊருக்கு வெளியே சாதாரணச் சாலையில் வரம்பு 100. அதாவது எம்எக்ஸ்-5இல் இரண்டு கியரைக் கடைசிவரை இழுத்து அனுபவித்துவிட்டுச் சட்டத்துக்குள் இருக்கலாம். 911இல் இரண்டாம் கியரின் மேல்பாதியிலேயே வரம்பு தாண்டிவிடும்.

இது வெறும் கணக்கு இல்லை, ஓட்டும் முறையையே மாற்றுகிறது. எம்எக்ஸ்-5இல் வேகத்தைச் சத்தத்தை வைத்தே ஊகித்து வந்தேன். வளைவுக்கு முன் இன்ஜின் இவ்வளவு அலறினால் இவ்வளவு வேகம் என்று காது சொல்லிவிடும். 911இல் அந்தக் காது பொய் சொல்லும். 4,000 சுற்றில் நிதானமாக முனகிக்கொண்டிருக்கும் வண்டி, நீங்கள் நினைப்பதைவிட 20 கி.மீ. அதிகத்தில் போய்க்கொண்டிருக்கும். முதல் ஒரு மாதம் ஒவ்வொரு வளைவுக்கு முன்னும் கண்ணால் ஸ்பீடோமீட்டரைப் பாருங்கள். காதை நம்பும் நாள் பின்னால் வரும்.

படி 5: வளைவு

இதில் நிதானமாகப் படியுங்கள், மாற்றத்தின் உயிர்நாடி இங்கேதான்.

எம்எக்ஸ்-5இல் ஸ்பிரிங் மென்மையானது. ஸ்டீயரிங்கைத் திருப்பியதும் வண்டி முதலில் சாயும், சாய்ந்து வெளிப்பக்க டயர்மேல் உட்காரும், பிறகு பிடித்துக்கொண்டு வளையும். அந்தச் சாய்வுதான் உங்களுக்கு வரும் செய்தி. வேகம் கொஞ்சம் கூடிவிட்டதென்று நடு வளைவில் ஆக்சிலரேட்டரை விட்டாலும் பெரிதாக ஒன்றும் நடக்காது. முன்பக்கம் லேசாக உள்ளே இழுத்துக்கொள்ளும், அவ்வளவுதான். வருடக்கணக்காக அதை ஓட்டும்போது ஒரு பழக்கம் தானாக வந்துவிடுகிறது: சந்தேகம் வந்தால் காலை எடு.

911இல் களைய வேண்டிய முதல் பழக்கம் அதுதான்.

அக்டோபர் மாதம், வீட்டுக்குப் பக்கத்துக் காட்டுச்சாலை. போகப் போக இறுகும் ஒரு வலது வளைவு. பீச் என்ற காட்டு மரத்து இலைகள் உதிர்ந்து ஈரமாகச் சாலையில் ஒட்டியிருந்தன. வேகம் 60தான் இருக்கும். வளைவு நான் நினைத்ததைவிட இறுகியது. கால் தானாக ஆக்சிலரேட்டரை விட்டுவிட்டது. பின்னால் இருந்த பாரம் முன்னால் பாய, பின்டயர்களின் பிடி இறங்கியது. இன்ஜினின் எடை ஊஞ்சல்போல் வெளிப்பக்கம் போக ஆரம்பித்ததை முதுகில் உணர்ந்தேன். போர்ஷேயின் நிலைப்புக் கட்டுப்பாடான பிஎஸ்எம்மின் மஞ்சள் விளக்கு இரண்டு முறை சிமிட்டியது, ஏதோ ஒரு சக்கரத்தில் பிரேக் கடித்தது, வண்டி நேரானது. மொத்தமும் ஒரு நொடிக்குள். அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நின்றபோது கை நடுங்கியது. எம்எக்ஸ்-5இல் இதே வளைவில் இதே தவற்றைப் பலமுறை செய்திருப்பேன், வண்டி மன்னித்துக்கொண்டே வந்திருக்கிறது.

சரியான வரிசை இது. வேகத்தைக் குறைப்பதை நேர்ச்சாலையிலேயே பெரும்பாலும் முடித்துவிடுங்கள். ஆனால் பிரேக்கைச் சட்டென்று விடாதீர்கள். ஸ்டீயரிங்கைத் திருப்ப ஆரம்பிக்கும்போது பாதத்தின் கடைசி அழுத்தம் இன்னும் பெடலில் இருக்கட்டும். திருப்பத் திருப்ப அதை மெதுவாக எடுங்கள். ஏனென்றால் 911இன் முன்பக்கம் லேசானது. பாரமே இல்லாமல் ஸ்டீயரிங்கைத் திருப்பினால் முன்டயர் கடிக்காமல் நேராகத் தள்ளிக்கொண்டு போகும். அந்தச் சிறு பிரேக் அழுத்தம்தான் முன்டயர்மேல் கை வைத்து அழுத்துவது மாதிரி. எம்எக்ஸ்-5இல் இது இல்லாமலே முன்பக்கம் கடித்துக்கொள்ளும், அதனால்தான் பலர் இதைப் பழகுவதே இல்லை.

பிரேக்கை முழுதாக எடுத்ததும் ஆக்சிலரேட்டரில் கால் மெதுவாக உட்கார வேண்டும். வேகம் கூட்டுவதற்காக இல்லை. வேகம் மாறாமல் இருக்க எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு. பாரம் பின்டயர்மேல் நிலைத்து நிற்கும். நடு வளைவு முழுக்க அப்படியே வைத்திருங்கள். வெளியேறும் வழி கண்ணுக்குத் தெரிந்து, ஸ்டீயரிங்கை நேராக்க ஆரம்பித்த பிறகு அழுத்துங்கள். அப்போது இந்த வண்டி செய்வதை எம்எக்ஸ்-5 ஒருபோதும் செய்யாது: பின்பக்கம் அப்படியே தரையில் குந்தி, அத்தனை பலத்தையும் வீணாக்காமல் தள்ளும். ஈரச்சாலையிலும் அந்தத் தள்ளல் அசத்தும். பின்பாரத்துக்காகக் கொடுத்த விலை எல்லாம் அந்த வெளியேற்றத்தில் திரும்பக் கிடைக்கிறது. முதல் முறை சரியாக அமைந்தபோது வண்டியை ஓரம் நிறுத்தி அந்த வளைவை இன்னொரு தடவை போகலாமா என்று யோசித்தேன், போனேன்.

வளைவு எதிர்பாராமல் இறுகினால்? காலை எடுக்கத்தான் வேண்டியிருக்கும், ஆனால் தூக்கி எறியாதீர்கள். முட்டையின்மேல் வைத்த காலை எடுப்பதுபோல எடுங்கள், கூடவே ஸ்டீயரிங்கைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். இதைவிட நல்ல வழி, இறுகுமோ என்ற சந்தேகம் உள்ள வளைவில் 10 கி.மீ. குறைத்தே நுழைவது. 911இல் மெதுவாக நுழைந்து வேகமாக வெளியேறுவதில் நஷ்டம் எதுவும் இல்லை.

இன்னொன்று ஸ்டீயரிங். 997இல் ஸ்டீயரிங்குக்கு உதவுவது ஹைட்ராலிக் அழுத்தம். என் எம்எக்ஸ்-5இல் மின் மோட்டார். எம்எக்ஸ்-5இன் ஸ்டீயரிங் சுறுசுறுப்பானது, சுத்தமானது, ஆனால் அதிகம் பேசாது. 997 பேசிக்கொண்டே இருக்கும். சாலையின் சாய்வு, தார் ஒட்டுப்போட்ட இடம், வெள்ளைக்கோட்டின் தடிமன் வரை கைக்கு வரும். மேடுபள்ளத்தில் வேகமாகப் போகும்போது கையில் துடிக்கும். புதியவர்கள் அதைப் பார்த்துப் பயந்து இறுக்கிப் பிடிப்பார்கள். வேண்டாம். ஒரு குருவியைப் பிடிக்கிற மாதிரி பிடித்தால் போதும். அது கைக்குள் அசைந்துகொண்டு போகட்டும், வண்டி நேராகத்தான் போகும். 2011இல் வந்த 991 தலைமுறையிலிருந்து 911க்கும் மின் ஸ்டீயரிங்தான். அதை வாங்குகிறவர்களுக்கு இந்தத் துடிப்பு குறைவு.

அப்புறம் பெட்ரோல். 911இன் டேங்க் முன்பக்கம் இருக்கிறது, 64 லிட்டர். நிரப்பினால் முன் அச்சுக்குக் கிட்டத்தட்ட 48 கிலோ கூடுகிறது. டேங்க் நிறைந்த நாளில் முன்பக்கம் பணிவாக வளைவதும், காலியாகும் நேரத்தில் லேசாகி அலைவதும் கவனித்தால் தெரியும். ஒரே சாலையில் இரண்டு நிலையிலும் ஓட்டிப் பாருங்கள். பாரம் என்று மேலே சொன்னதன் பொருள் அன்றைக்கு உடம்புக்கே புரியும்.

படி 6: தவறு செய்ய ஓர் இடம்

மேலே சொன்னதை எல்லாம் படித்துத் தெரிந்துகொள்ளலாம், ஆனால் கால் படிப்பதில்லை. அதற்குப் பாதுகாப்பான இடத்தில் வண்டியை வழுக்கவிட வேண்டும். ஜெர்மனியில் இதற்கு வசதி அதிகம்: ஏடிஏசி என்ற வாகன ஓட்டிகள் சங்கத்தின் பயிற்சித் தளங்கள் நாடு முழுக்க இருக்கின்றன. ஒரு நாள் பயிற்சி. உங்கள் சொந்த வண்டியிலேயே போகலாம்.

அங்கே இரண்டு விஷயங்களைக் கேட்டு வாங்கிச் செய்யுங்கள். ஒன்று, நனைத்த வட்டப்பாதை. வட்டத்திலேயே சுற்றிக்கொண்டு வேகத்தை இரண்டிரண்டு கிலோமீட்டராகக் கூட்டுங்கள். ஒரு கட்டத்தில் முன்பக்கம் தள்ள ஆரம்பிக்கும், ஸ்டீயரிங் திடீரென லேசாகும். அந்த லேசான உணர்வை நன்றாக மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு ஆக்சிலரேட்டரை ஒரு நூல் குறையுங்கள், முன்பக்கம் திரும்பவும் பிடித்து வட்டத்துக்குள் வரும். மூன்றாம் முறை, பயிற்சியாளரிடம் சொல்லிவிட்டு, காலைச் சட்டென எடுங்கள். பின்பக்கம் வெளியே போகும். ஒரே வட்டத்தில், ஒரே வேகத்தில், ஒரு நூலுக்கும் சட்டென்பதற்கும் உள்ள வித்தியாசம் அங்கே காலுக்குப் பதிந்துவிடும். நான் காலையில் எம்எக்ஸ்-5இல் ஒருமுறையும் இன்னொரு நாள் 911இல் ஒருமுறையும் இதையே செய்தேன். எம்எக்ஸ்-5இல் நழுவல் மெல்ல வந்தது, எதிர்ப்பக்கம் ஸ்டீயரிங் கொடுத்துச் சிரித்துக்கொண்டே பிடிக்க முடிந்தது. 911இல் ஆரம்பம் அதைவிடத் தாமதமாக வந்தது, வந்த பிறகு வேகமாக வளர்ந்தது.

இரண்டாவது, அசையும் தட்டு. தரையில் பதித்த ஓர் இரும்புத் தட்டு, உங்கள் பின்சக்கரங்கள் ஏறும் கணத்தில் பக்கவாட்டில் நகர்ந்து பின்பக்கத்தைத் தட்டிவிடும். எந்தப் பக்கம் என்று முன்கூட்டித் தெரியாது. கண் எங்கே போகிறதோ கை அங்கே போகும் என்பதை இங்கே கற்றுக்கொள்வீர்கள். போக வேண்டிய திசையைப் பாருங்கள், எதிரே தண்ணீர் பீய்ச்சி எழுப்பும் தடுப்பைப் பார்க்காதீர்கள்.

பொதுச்சாலையில் பிஎஸ்எம்மை அணைக்க எந்தக் காரணமும் இல்லை. என்னைக் காப்பாற்றியது அதுதான்.

படி 7: ரேஸ் டிராக்குக்கு எப்போது

புது வண்டி வந்த உற்சாகத்தில் நேரே நூர்பர்க்ரிங் டிராக்குக்குப் போகிறவர்களைப் பார்க்கிறேன். அதன் வடக்குப் பாதை 20.8 கிலோமீட்டர். பொதுமக்களுக்குத் திறந்திருக்கும் நேரத்தில் சாதாரணக் கார்களும் மிக வேகமான கார்களும் ஒன்றாகப் போகும், ஓரத்திலேயே தடுப்பு. புது வண்டியின் பாரத்தைப் பழக அது இடமில்லை. ஓரத்தில் அகலமான புல்வெளியும் மணல்படுகையும் உள்ள சின்ன டிராக்கில், பயிற்சியாளரோடு தொடங்குங்கள். அதற்கு முன் பிரேக் திரவம் புதிதாக மாற்றியிருக்க வேண்டும். 1,000 கிலோவை நிறுத்திப் பழகிய கால், 1,400 கிலோவை இன்னும் அதிக வேகத்திலிருந்து நிறுத்தும்போது எவ்வளவு சூடு எழும் என்பதை உணராது. ஐந்து சுற்று ஓட்டினால் ஒரு சுற்று ஆறவிடுங்கள். உங்கள் காப்பீடு டிராக் ஓட்டத்தை ஏற்கிறதா என்று ஒப்பந்தத்தை வாசித்துப் பாருங்கள், பெரும்பாலானவை ஏற்பதில்லை.

வேறு வண்டிக்கு மாறுகிறீர்கள் என்றால்

போர்ஷேயின் கேமன் போன்ற, இன்ஜின் நடுவிலுள்ள வண்டியில் பாரம் உங்கள் முதுகுக்குப் பக்கத்திலேயே திரண்டிருக்கும். அதனால் திருப்பியதும் திரும்பும், 911இன் அந்த ஒரு மூச்சு இடைவெளி இல்லை. நீங்கள் உட்கார்ந்திருப்பதும் வண்டி சுழலும் மையத்துக்கு அருகில். ஆகவே நழுவத் தொடங்குவது உடம்புக்குத் தாமதமாகத்தான் தெரியும், தெரிந்த பிறகு நேரம் குறைவு. திருப்பும் வேகத்தைக் குறைத்து, கையை மெதுவாக்குங்கள்.

எம்எக்ஸ்-5இலிருந்து ஹோண்டா எஸ்2000க்கு மாறினால் பாரத்தைப் பற்றிக் கற்க அதிகம் இல்லை. அதுவும் முன் இன்ஜின், சரிபாதிப் பாரம். மாற வேண்டியது காது. 1999இல் வந்த அதன் முதல் இன்ஜின் 9,000 சுற்று வரை போகும். 6,000க்கு அருகில் வால்வுகளின் இயக்கம் மாறி, அதுவரை சாதாரணமாக இருந்த வண்டி சட்டென்று விழித்துக்கொள்ளும். அந்த விழிப்பு ஈர வளைவின் நடுவில் வராதபடி கியரைத் தேர்ந்தெடுங்கள்.

டர்போ வண்டிக்கு மாறுகிறவர்கள், கால் அழுத்தியதற்கும் பலம் வருவதற்கும் இடையிலுள்ள தாமதத்தை எண்ணிப் பழகுங்கள். ஸ்டீயரிங் நேராகும் முன்பே அழுத்தி, பலம் வந்து சேரும்போது சக்கரம் நேராக இருக்கும்படி பார்த்துக்கொள்வதுதான் வித்தை.

திரும்ப பழைய வண்டியில் ஏறும்போது

இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. 911 ஓரளவு கைவசமான பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை எம்எக்ஸ்-5ஐ எடுத்தேன். முதல் சிக்னலில் பிரேக்கை அழுத்தத்தால் மிதிக்க, பெடல் உள்ளே போனது, பின்னால் வந்தவர் ஹாரன் அடித்தார். முதல் வளைவில் முன்பக்கத்தை அழுத்த பிரேக்கை இழுத்துப் பிடித்துக்கொண்டே நுழைந்தேன், எம்எக்ஸ்-5க்கு அது தேவையே இல்லாததால் பின்பக்கம் லேசாகிப் பதறியது. சாய்வு பயமுறுத்தியது, படகில் இருப்பதுபோல் இருந்தது.

இப்போது வண்டி மாறும் ஒவ்வொரு முறையும், எந்தத் திசையில் மாறினாலும், தெருமுனை தாண்டும் முன் மூன்று தடவை பிரேக்கை மிதித்துப் பார்க்கிறேன், ஒரு தடவை மெதுவாக, ஒரு தடவை நடுத்தரமாக, ஒரு தடவை பலமாக. பிறகு முதல் பத்து கிலோமீட்டரில் வரும் வளைவுகளுக்கு எல்லாம் வழக்கத்தைவிட ஒரு கியர் மேலே வைத்து, வேகத்தைக் குறைத்து நுழைகிறேன். எம்எக்ஸ்-5 என்றால் சாய்ந்து உட்காரும் அந்தக் கணத்துக்காகக் காத்திருக்கிறேன். 911 என்றால் முதுகுக்குப் பின்னால் அந்த எடை வந்து சேரக் காத்திருக்கிறேன். அது வந்த பிறகுதான் ஜன்னலை இறக்கிவிட்டு மலை ஏறுகிறேன்.